கியூவைத் தாண்டும் பாஸ்: கொழும்பிலிருந்து தீம் பார்க் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

தீம் பார்க் டிக்கட்டோடு உள்ளே போனால் எந்த ரைடிலும் ஏறலாம். அதில் மாற்றமில்லை. ஆனால் 20 நிமிடம் நின்று ஏறுவதா, 90 நிமிடம் நின்று ஏறுவதா என்பதற்கு இப்போது தனியாகக் காசு கேட்கிறார்கள். சிங்கப்பூர், ஒசாக்கா, ஒர்லாண்டோ, அபுதாபி, எங்கே போனாலும் இதுதான் நிலை. பெயர்தான் ஊருக்கு ஊர் வேறு: எக்ஸ்பிரஸ், லைட்னிங் லேன், பிரீமியர் அக்சஸ், ஃபாஸ்ட் லேன், குயிக் பாஸ். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இந்தப் பாஸ் சில நாட்களில் நுழைவு டிக்கட் அளவுக்கே செலவு வைக்கும். கேட்டில் நின்றுகொண்டு அவசரத்தில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. கொழும்பில் விமான டிக்கட் எடுக்கிற நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

என்ன மாறியது

1999 இல் புளோரிடாவின் வோல்ட் டிஸ்னி வேர்ள்டில் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ரைடின் வாசலில் உள்ள மெஷினில் நுழைவு டிக்கட்டைச் செருகினால் ஒரு துண்டுக் காகிதம் வரும். அதில் திரும்பி வரவேண்டிய ஒரு மணி நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்குள் வந்தால் தனி வழியால் உள்ளே போகலாம், காசு இல்லை. கொழும்பில் டொக்டரைச் சேனல் பண்ணி நம்பர் எடுப்பதைப் போன்றதுதான். நம்பர் எடுத்ததால் டொக்டர் அன்றைக்குக் கூடுதலாக ஆட்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் காத்திருக்கிற இடம் மட்டும் மாறுகிறது. இந்த ஒரு உண்மையை மனதில் வைத்திருந்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

2020 மார்ச்சில் பார்க்குகள் மூடப்பட்டன. திரும்பத் திறந்தபோது இலவச முறை திரும்பி வரவில்லை. 2021 ஒக்டோபர் 19 இல் அதே புளோரிடாவில் ஜீனி பிளஸ் ஆரம்பமானது. தொடக்க விலை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டொலர். 2024 ஜூலை 24 இல் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது, முன்பதிவும் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் நேரக் கட்டுப்பாடே இல்லாத பிரீமியர் பாஸ் வந்தது. அறிவிக்கப்பட்ட விலை பார்க்கையும் நாளையும் பொறுத்து ஒருவருக்கு 129 முதல் 449 டொலர். பாரிஸ் டிஸ்னிலாண்டில் 2021 இலும், டோக்கியோவில் 2022 மே மாதத்திலும் காசு கட்டும் பிரீமியர் அக்சஸ் வந்துவிட்டது. யூனிவர்சல் பார்க்குகளின் எக்ஸ்பிரஸைப் பொறுத்தவரை, காசுக்கு விற்பது அங்கே நெடுநாள் பழக்கம்.

இரண்டு வரிசை சேரும் இடம்

பாஸின் மதிப்பு முழுவதும் ரைடுக்குச் சற்று முன்னால் உள்ள ஓரிடத்தில்தான் தீர்மானமாகிறது. சாதாரண வரிசையும் பாஸ் வரிசையும் அங்கே ஒன்று சேரும். நடுவில் ஒரு ஊழியர் நிற்பார். பாஸ் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தை விடுவார், பிறகு கையை நீட்டி மறித்துச் சாதாரண வரிசையிலிருந்து ஒரு சிறு கூட்டத்தை விடுவார், மறுபடியும் பாஸ் பக்கம். பாஸ் வைத்திருப்பவர் பெரிதாக நிற்கக்கூடாது என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு.

ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 600 பேர். பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் 30 நிமிடத்தில் ஏறிவிடுவீர்கள். அந்த 1,200 இடங்களில் 800 பாஸ்காரருக்குப் போனால் உங்கள் வரிசைக்கு மிஞ்சுவது மணிக்கு 400. அதே 600 பேர், இப்போது 90 நிமிடம். வரிசை நீளவில்லை, நகர்வது மட்டும் குறைந்துவிட்டது. சாதாரண வரிசையில் நிற்பவர்கள் "ஆட்கள் அவ்வளவு இல்லையே, ஏன் அசையுதில்லை?" என்று கேட்பது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று: மணிக்குக் குறைவான ஆட்களையே ஏற்றக்கூடிய ரைடுகளில்தான் பாஸ் நன்றாக உதவும். ஆயிரக்கணக்கில் விழுங்குகிற பெரிய அரங்கக் காட்சிகளுக்குப் பாஸ் காட்டி ஐந்து நிமிடம் முன்னால் போவதில் பயனில்லை. இரண்டு: எல்லாரும் பாஸ் வாங்குகிற நாளில் பாஸ் வரிசையும் நீளும். உச்ச விடுமுறை நாளில் எக்ஸ்பிரஸ் வரிசையிலேயே 20, 30 நிமிடம் நிற்க நேர்ந்தால் அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன கணக்குத்தான்.

முதல் படி: நாளைத் தெரிவுசெய்வது

எங்கள் கணிப்பில் இதுதான் மிகப் பெரிய சேமிப்பு. வழக்கமாக நம் பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர். போகிற நாட்டின் விடுமுறையும் அதுவும் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் பெரிய பாடசாலை விடுமுறைகள் ஜூன் மாதமும், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசெம்பர் முடியும் வரையும். ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் அங்கே வகுப்பு நடக்கும். ஓகஸ்ட் 9 தேசிய தினத்தையும் அதை ஒட்டிய நாட்களையும் தவிர்த்து, செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றை எடுத்தால், பாஸ் இல்லாமலே சமாளிக்கக்கூடிய நாள் கிடைக்க நல்ல வாய்ப்பு. டிசெம்பரில் நிலைமை நேர்மாறு.

ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை. ஓகஸ்ட் நடுவில் ஒபொன் விடுமுறை. இரண்டும் நம் விடுமுறைக்கு மிகக் கிட்ட வருவதால் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு போய் ஏப்ரல் 25 க்கு முன் திரும்புவது நல்லது. இங்கிலாந்தில் ஓகஸ்ட் முழுவதும் பாடசாலை விடுமுறை. அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து வாரவிடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். பழைய நினைவில் வெள்ளியை மட்டும் தவிர்த்துவிட்டு சனிக்கிழமை போகாதீர்கள்.

இரண்டாம் படி: எந்த வகைப் பாஸ் என்று கண்டுபிடிப்பது

பெயரை விட்டுவிட்டு முறையைப் பாருங்கள். நான்கு வகைதான் உண்டு.

நேரம் குறிக்காத பாஸ்: அன்றைக்கு எப்போது வேண்டுமானாலும் காட்டி நுழையலாம். யூனிவர்சல் சிங்கப்பூரின் எக்ஸ்பிரஸ் இந்த வகை. நேரம் குறித்த பாஸ்: குறிப்பிட்ட ரைடு, குறிப்பிட்ட நேரம். திருப்பதியில் 300 ரூபா சிறப்புத் தரிசனத்துக்கு நேரம் போட்டு டிக்கட் எடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. லைட்னிங் லேனும் யூனிவர்சல் ஜப்பானின் எக்ஸ்பிரஸும் இதில் அடங்கும். மூன்றாவது, உள்ளே போனபின் மட்டும் செயலியில் வாங்கக்கூடியது. டோக்கியோ டிஸ்னி இப்படி. நான்காவது இலவச மெய்நிகர் வரிசை: செயலியில் பெயர் போட்டுவிட்டு உலாவலாம், முறை வந்ததும் அறிவிப்பு வரும்.

முதல் வகையென்றால் வாங்குவதைக் கடைசிவரை தள்ளிப்போடலாம். இரண்டாம் வகையென்றால் தள்ளிப்போட்டால் கிடைக்காது. பலர் செய்யும் பிழை இதைத் தலைகீழாகச் செய்வதுதான்: சிங்கப்பூருக்கு ஒரு மாதம் முன்பே எக்ஸ்பிரஸ் வாங்கிவிட்டு, ஒசாக்காவுக்குப் "போய்ப் பார்த்து எடுப்பம்" என்று விட்டுவிடுவது.

மூன்றாம் படி: உயரம் அளந்து பட்டியல் போடுவது

பாஸ் விலையைப் பார்க்கும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் சப்பாத்து இல்லாமல் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். யூனிவர்சல் சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் ரைடுக்குக் குறைந்தது 102 செ.மீ., ரிவெஞ்ச் ஒஃப் த மம்மிக்கு 122 செ.மீ., பட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும். 118 செ.மீ. உள்ள பிள்ளைக்கு எக்ஸ்பிரஸ் வாங்கினால் பெரிய ரைடுகள் இரண்டில் அது காகிதம் மட்டுமே. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் ஏறக்கூடிய, ஏற விரும்பும் ரைடுகளை எழுதுங்கள். அம்மம்மா கோஸ்டரில் ஏறப்போவதில்லை என்றால் அவருக்குப் பாஸ் எதற்கு? குடும்பத்தில் எல்லாருக்கும் வாங்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

சிறு பிள்ளை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அப்பா மூத்த பிள்ளையோடு ஏறும்போது அம்மா சின்னதோடு நிற்பார். பிறகு அம்மா மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம். டிஸ்னியில் இதற்கு ரைடர் ஸ்விட்ச் என்று பெயர், யூனிவர்சலில் சைல்ட் ஸ்விட்ச். காசு இல்லை. வரிசையின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் நுழையும் முன்பே கேட்கவேண்டும்; உள்ளே போய்ப் பாதி வழியில் கேட்டால் பயனில்லை. தனியாள் வரிசையும் இலவசமே. டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் போன்ற சிலவற்றில் உண்டு. ஆனால் குடும்பம் பிரிந்துதான் உட்காரும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கே பொருந்தும்.

நான்காம் படி: கொழும்பிலிருந்து காசு கட்டுவது

இங்கேதான் நம்மவர்களின் திட்டம் அதிகம் சறுக்குகிறது.

கார்ட்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, நாளாந்த எல்லை எவ்வளவு என்று வங்கியிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். ஓடிபி உங்கள் இலங்கை நம்பருக்குத்தான் வரும். வெளிநாட்டில் இறங்கியதும் உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டு இலங்கைச் சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்தால் கொடுப்பனவு அந்த இடத்திலேயே நின்றுவிடும். ரோமிங்கைக் கட்டுநாயக்கவுக்குப் போகும் முன் செயற்படுத்துங்கள். இரண்டாவது சிம்முக்கு இ-சிம் எடுங்கள், இலங்கைச் சிம் போனிலேயே இருக்கட்டும். டோக்கியோ டிஸ்னி போல உள்ளே போன பிறகே வாங்கவேண்டிய இடங்களில் இதைத் தவறவிட்டால் வேறு வழி கஷ்டம்.

கட்டும்போது "இலங்கை ரூபாவில் கட்டுகிறீர்களா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்நாட்டு நாணயத்தையே தெரிவுசெய்யுங்கள். ரூபாவில் காட்டும் மாற்று வீதம் பெரும்பாலும் மோசமானது. வங்கியின் பரிமாற்றக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் மேலதிகமாக வரும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஃபேஸ்புக்கில் "எக்ஸ்பிரஸ் பாஸ் மலிவாக" என்று பார்கோட் படத்தை அனுப்புகிறவர்களிடம் வாங்கவேண்டாம். ஒரே பார்கோட்டைப் பத்துப் பேருக்கு விற்றால் முதலில் ஸ்கேன் செய்தவருக்கு மட்டுமே அது வேலை செய்யும். பார்க்கின் சொந்தத் தளம், இல்லையென்றால் அது அங்கீகரித்த விற்பனைத் தளம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்: அன்றைய நாளை நடத்துவது

யூனிவர்சல் சிங்கப்பூரில் இரண்டு வகை எக்ஸ்பிரஸ். சாதாரணமானது எக்ஸ்பிரஸ் செல்லும் ஒவ்வொரு ரைடிலும் ஒரு தடவை. அன்லிமிட்டட் எத்தனை தடவையும். இரண்டிலும் நுழைவு டிக்கட் அடங்காது. ஒரே ரைடில் நான்கு தடவை ஏறும் பிள்ளை இல்லாவிட்டால் அன்லிமிட்டட் தேவையில்லை. விலை நாளுக்கு நாள் மாறும். தளத்தில் அந்த நாளின் விலை உயரத்தில் இருந்தால், கூட்டத்தைப் பார்க்கே முன்கூட்டி மதிப்பிட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விலைதான் மிக நம்பகமான கூட்ட எச்சரிக்கை.

கேட் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும், 9.15 க்கு அங்கே நில்லுங்கள். 2025 பெப்ரவரியில் மினியன் லாண்ட் திறந்ததிலிருந்து காலையில் பெரும் கூட்டம் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. நீங்கள் ஹொலிவுட் வீதியால் நியூ யோர்க் பகுதியைத் தாண்டி நேரே சை-ஃபை சிட்டிக்குப் போங்கள். டிரான்ஸ்ஃபோர்மர்ஸ், பிறகு பட்டில்ஸ்டார், அடுத்து எகிப்துப் பகுதியில் மம்மி. அதன்பின் ஜுராசிக் பகுதியில் உள்ள கனோபி ஃபிளையர். பார்ப்பதற்கு எளிமையான இந்த ரைடு தடவைக்கு மிகச் சிலரையே ஏற்றும். அதனால் சிறு வரிசையும் மெல்லத்தான் நகரும். காலையில் முடிக்காவிட்டால் பிறகு அதிக நேரத்தைத் தின்னும்.

பகல் 12 மணிக்கு ஒரு சோதனை செய்யுங்கள். பட்டியலில் மிச்சம் உள்ள ரைடுகளின் காத்திருப்பு நேரங்களைச் செயலியில் பார்த்துக் கூட்டுங்கள். மொத்தம் 240 நிமிடம், எக்ஸ்பிரஸில் போனால் 60 என்றால் சேமிப்பு 3 மணி நேரம். நால்வருக்கு 320 சிங்கப்பூர் டொலர் கேட்டால் மணிக்கு 107 டொலர் கொடுக்கிறீர்கள். அது உங்களுக்குப் பெறுமதியா என்பதை அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாம். இருப்பு முடிந்திருந்தால் கிடைக்காது என்ற ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் தள்ளிப்போடவேண்டும். அதனால் டிசெம்பர் பயணத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு உத்தி வேண்டாம், முன்கூட்டியே வாங்குங்கள்.

மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியே உள்ள கோஸ்டர்கள் நின்றுவிடும். சிங்கப்பூரில் பிற்பகல் மழை சாதாரணம். வெளி ரைடுகளைக் காலையில் முடிக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஒர்லாண்டோ: கொழும்பு நேரம் மாலை 4.30

வோல்ட் டிஸ்னி வேர்ள்டில் மல்டி பாஸ் முன்பதிவு, டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு அவர்கள் ஹோட்டலுக்கு வரும் நாளுக்கு 7 நாள் முன்பும், மற்றவர்களுக்குப் பார்க் போகும் நாளுக்கு 3 நாள் முன்பும் திறக்கும். இரண்டும் புளோரிடா நேரம் காலை 7 மணிக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை அது நமக்கு மாலை 4.30, மற்ற மாதங்களில் 5.30. கொழும்பிலிருந்து அங்கே போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். எனவே அந்த 3 நாள் எல்லை நீங்கள் டோஹாவிலோ துபாயிலோ இணைப்பு விமானத்துக்கு நிற்கும்போது விழக்கூடும். டொரொண்டோவில் உள்ள அண்ணாவோ சித்தியோ கூடவே வருகிறார்கள் என்றால் டிக்கட்டுகளைச் செயலியில் ஒரே குழுவாக இணைத்து, பதிவு வேலையை அவர்களிடம் ஒப்படைப்பது புத்திசாலித்தனம்.

4.29 க்கு போன் திரையில் என்ன தயாராக இருக்கவேண்டும்: நாள் போட்ட டிக்கட் எல்லாருக்கும் இணைந்திருக்கவேண்டும், கார்ட் சேமிக்கப்பட்டிருக்கவேண்டும், மூன்று ரைடுகளின் பெயர் முன்னுரிமைப்படி எழுதப்பட்டிருக்கவேண்டும். மஜிக் கிங்டம், எப்கொட், ஹொலிவுட் ஸ்டூடியோஸ் மூன்றிலும் ரைடுகள் இரண்டு தட்டாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மேல்தட்டிலிருந்து ஒன்று, கீழ்த்தட்டிலிருந்து இரண்டு. அனிமல் கிங்டமில் அந்தப் பிரிவு இல்லை. ரைஸ் ஒஃப் த ரெசிஸ்டன்ஸ் போன்ற மிகப் பிரபலமான சில ரைடுகள் மல்டி பாஸில் வராது. சிங்கிள் பாஸ் தனியாக வாங்கவேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு.

பார்க்குக்குள் முதல் ரைடின் வாசலில் ஸ்கேன் செய்தவுடனேயே, வரிசையில் நடந்துகொண்டே அடுத்ததைப் பதிவுசெய்யலாம். பலர் ரைடு முடிந்து வெளியே வந்துதான் போனை எடுக்கிறார்கள். அந்த 15 நிமிடத்தில் நல்ல நேரங்கள் போய்விடும். முதலாவது பதிவைக் காலை நேரத்துக்குப் போடச் சொல்வதும் இதற்காகத்தான்: முதலாவதைப் பயன்படுத்தும்வரை நான்காவது கிடையாது.

ஜப்பானும் மற்ற இடங்களும்

ஒசாக்காவின் யூனிவர்சலில் எக்ஸ்பிரஸ் நான்கு, ஏழு என்று ரைடுத் தொகுதியாக விற்கப்படும். உள்ளடக்கம் நாளுக்கு நாள் மாறும், உச்ச நாட்களில் விரைவில் தீரும். சூப்பர் நின்டென்டோ வேர்ள்ட் பகுதிக்குள் போகவே கூட்ட நாளில் நேரச்சீட்டு வேண்டும். அங்குள்ள ரைடு அடங்கிய எக்ஸ்பிரஸை எடுத்தால் பகுதிக்குள் நுழையும் நேரமும் அதிலேயே உறுதியாகும். இல்லாவிட்டால் காலையில் பார்க்குக்குள் கால்வைத்ததும் செயலியில் இலவச நேரச்சீட்டு எடுக்கவேண்டும்.

டோக்கியோ டிஸ்னியில் பிரீமியர் அக்சஸ் ஒரு ரைடுக்கு ஒருவருக்கு 1,500 முதல் 2,500 யென். குழுவில் எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் வாங்கமுடியும். ஒன்று வாங்கினால் அடுத்ததற்கு 60 நிமிடம், அல்லது முதலாவதன் நேரம் தொடங்கும்வரை, எது முந்துகிறதோ அதுவரை பொறுக்கவேண்டும். 2023 ஜூலையில் பிரயோரிட்டி பாஸ் என்று இலவசம் ஒன்றும் வந்தது. போகும் வாரத்தில் செயலியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே போனதும் முதல் வேலை அதுதான்.

அபுதாபி ஃபெராரி வேர்ள்டின் குயிக் பாஸ், துபாய் மோஷன்கேட்டின் கியூ-ஃபாஸ்ட் இரண்டும் திங்கள் முதல் வியாழன் வரை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். கனடாஸ் வொண்டர்லாண்டில் ஃபாஸ்ட் லேன் கைப்பட்டி. ஜூலை, ஓகஸ்ட் சனிக்கிழமைகளிலும் நீண்ட வாரவிடுமுறைகளிலும் மட்டும் யோசிக்கலாம். கொச்சி, பெங்களூரு வொண்டர்லாக்களில் ஃபாஸ்ட்ராக் டிக்கட் வாங்குமுன் அது எந்தெந்த ரைடுகளுக்குச் செல்லும் என்ற பட்டியலைக் கேளுங்கள்.

பிழைத்துப்போகும்போது

புளோரிடா டிஸ்னியில் உங்கள் நேரத்தில் ரைடு பழுதானால் அந்தப் பதிவு தானாகவே வேறு ரைடுகளிலும் செல்லக்கூடிய பொதுப் பாஸாக மாறும். பதறிப்போய் ரத்துச் செய்யாதீர்கள், செய்தால் அதையும் இழப்பீர்கள். யூனிவர்சலில் ஒரு ரைடு மூடியதற்காகப் பாஸ் காசு திரும்பும் என்று எதிர்பார்க்கவேண்டாம். வாங்கும் நாளில் பராமரிப்புக்கு மூடியவற்றின் பட்டியலைத் தளத்தில் பார்ப்பதே பாதுகாப்பு.

ஓட்டிசம் போன்ற வளர்ச்சிசார் நிலைமை உள்ள பிள்ளைகளுக்கான புளோரிடா டிஸ்னியின் இலவச வசதி 2024 மே மாதத்திலிருந்து இறுக்கப்பட்டுள்ளது. பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் பேசிப் பதியவேண்டும். நடக்கக் கஷ்டம் என்ற காரணம் மட்டும் போதாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அதற்குப் பதிலாகச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வரிசையிலேயே போகச் சொல்வார்கள். நாற்காலிகள் காலையிலேயே முடிந்துவிடும்.

எந்தப் பார்க்கானாலும், பாஸ் ஸ்கேன் ஆகவில்லை, நேரம் தவறிப்போனது, இரண்டு தடவை காசு வெட்டுப்பட்டது என்றால், அந்தத் திரையை உடனே படம்பிடித்துக்கொண்டு வெளியேறும் முன்பே விருந்தினர் சேவைக் கவுன்டருக்குப் போங்கள். அங்கே நேரில் பத்து நிமிடத்தில் தீரக்கூடியது, கொழும்புக்கு வந்து மின்னஞ்சலில் எழுதினால் வாரக்கணக்கில் இழுபடும்.